‘அது பரீட்சைக்கு வராது’: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் செயலாளர், இயக்குநர்கள், பாடநூல் எழுதும் குழுவினர்,
கல்லூரிச் சாலை, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். முப்பத்தோரு வருடம் உங்கள் துறையில் வேலை பார்த்து, 2022 மே மாதம் ஓய்வு பெற்றவள் நான். முதலில் பட்டதாரி ஆசிரியை, அப்புறம் முதுகலை ஆசிரியை. பாடம் விலங்கியல். பணியில் இருந்தவரை உங்களுக்கு எழுதியதெல்லாம் ‘பொருள்’, ‘பார்வை’ போட்டு ஆரம்பிக்கும் கடிதங்கள்தான்: விடுப்பு, ஊக்க ஊதியம், லேபுக்குக் கேட்ட நுண்ணோக்கி இன்னும் வரவில்லை, இப்படி. இது அந்த வகை இல்லை. எண் போட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டாம். வாசித்தால் போதும்.

2009 ஜூலை முதல் வாரம். ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப் பிரிவைப் பற்றி டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வாரம் அது. எங்கள் ஊர் டீக்கடைத் தினசரி வரைக்கும் செய்தி வந்திருந்தது. கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் கிழித்துத்தான் பஜ்ஜி மடித்துக் கொடுத்தார் என்று ஆசிரியர் அறையில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

எங்களுடையது இருபாலர் பள்ளி. இனப்பெருக்கப் பாடம் வரும்போது பிள்ளைகள் வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுவார்கள். அதற்காகக் காலிச் சாக்பீஸ் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு மேசை மேல் வைத்துவிடுவேன். பெயர் எழுத வேண்டாம், சந்தேகத்தை மட்டும் சீட்டில் எழுதிப் போட்டால் போதும். பாதிச் சீட்டில் ‘இன்னிக்கு கிளாஸ் வேணாம் மிஸ், கிரவுண்டுக்கு விடுங்க’ என்றுதான் இருக்கும். அன்று வந்த ஒரு சீட்டில் இப்படி இருந்தது: ‘ஆம்பளைக்கு ஆம்பளைய பிடிச்சா அது வியாதியா மிஸ்? மருந்து இருக்கா?’

பெயர் இல்லை. ஆனால் ரெக்கார்டு நோட்டு திருத்துகிற கண்ணுக்குக் கையெழுத்து தெரியாதா? மெய்யெழுத்துக்கு மேல் புள்ளி வைக்காமல் குட்டி வட்டமாகச் சுழிக்கிறவன் அந்த வகுப்பில் ஒருவன்தான். மூன்றாவது பெஞ்சு, சுவரோரம். நிமிர்ந்து பார்க்கவில்லை நான். சீட்டை மடித்து, “இது பரீட்சைக்கு வராது” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன். “என்ன மிஸ் கேள்வி, என்ன மிஸ் கேள்வி” என்று கத்தினார்கள். மணி அடித்துவிட்டது. சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

நான் அவனைத் திட்டவில்லை. கேலி செய்யவில்லை. ஹெச்.எம்.மிடம் போய்ச் சொல்லவில்லை, அப்பாவைக் கூட்டி வா என்று சொல்லவில்லை. அந்தப் பக்கமும் சாயவில்லை, இந்தப் பக்கமும் சாயவில்லை. அன்று யாராவது கேட்டிருந்தால், நடுநிலையாக நடந்துகொண்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். மனசாரவே சொல்லியிருப்பேன்.

பத்து வருடம் கழித்துத் திருப்பூர் பழைய பேருந்து நிலையத்தில் “மிஸ்” என்று ஒரு குரல். பனியன் கம்பெனி ஒன்றில் நல்ல வேலையில் இருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். அரையாண்டுத் தேர்வு சமயத்தில் வீட்டில் விஷயம் தெரிந்துபோய், முதலில் மந்திரிக்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அப்புறம் மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் ஒரு ‘டாக்டர்’. அவர் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் தூக்கம். பொதுத்தேர்வில் மார்க் போனது. எல்லாவற்றையும் வேறு யாருக்கோ நடந்த மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னான். “அந்தச் சீட்டு…” என்று ஆரம்பித்தேன். “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு எனக்கும் தெரியும் மிஸ். ஆனா நீங்க திட்டலையே. அதுவே அப்ப பெருசா இருந்துச்சு” என்றான். அவன் பஸ் வந்துவிட்டது.

திட்டாமல் விட்டதற்கு நன்றி. என் நடுநிலைக்குக் கிடைத்த சம்பளம் அதுதான்.

விடை அப்போதே எனக்குத் தெரியாதா என்றால், அரைகுறையாகத் தெரியும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் எடுத்தது. வருடம் எனக்கு நினைவில் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ‘இல்லை’ என்று சொல்ல வருடம் தேவையில்லை. மூன்று எழுத்து. சொல்லியிருந்தால் அந்த லாட்ஜ் டாக்டரின் அறை வாசலிலாவது அவனுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும்.

இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நான் ஒரு வகுப்பறையில் செய்ததைத்தான் துறை மாநிலம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ‘இது பண்பாட்டு விஷயம், பெற்றோர் மனம் புண்படும், அரசு எந்தப் பக்கமும் சாயக்கூடாது’ என்ற பேச்சை மேலதிகாரிகள் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்ச் சந்தையில் புளி வியாபாரி ஒருவர் இருந்தார். தராசு முள் நடுவில் நேராக நிற்கும். தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு உருண்டை புளி ஒட்டியிருக்கும். முள் நேராக நிற்பதை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஏமாந்தோம்.

பள்ளிக்கூடம் வெறும் சுவர் இல்லை. ஒன்றாம் வகுப்பில் ‘என் குடும்பம்’ அட்டையில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி. சரி, பெரும்பாலான வீடு அப்படித்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நடை கொஞ்சம் நளினமாக இருக்கிற பையனை ‘ஒம்போது’ என்று கூப்பிடுவதற்கு யாரும் பாடத்திட்டம் போடவில்லை. அது ஆறாம் வகுப்பிலேயே தானாக வந்துவிடுகிறது. பி.இ.டி. பீரியடில், “பொட்டச்சி மாதிரி ஓடாதடா” என்று ஆசிரியரே சொல்வார். கிரிக்கெட் விளையாடுகிற பெண்ணுக்கும் தனியாகப் பெயர் உண்டு. இதெல்லாம் ஒரு பக்கம் நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கும்போது, நடுவில் நின்று “நான் எதுவும் சொல்ல மாட்டேன்” என்று துறை கைகட்டினால், அது நடு இல்லை. ஓடுகிற தண்ணீரில் காலை ஊன்றாமல் நிற்பவர் அது போகிற பக்கம்தான் போவார்.

மத்திய அரசின் நடுநிலையும் பார்த்தோம். 2018இல் 377ஆவது பிரிவு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, வயது வந்தவர்களின் சம்மதத்தோடு நடப்பதைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை, நீதிமன்றமே முடிவு செய்யட்டும் என்றது. அந்த ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 1860ஆம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டத்தின் அந்தப் பகுதி போனது. இந்தத் தீர்ப்பை வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை என எல்லாவற்றிலும் அவ்வப்போது பரப்ப வேண்டும், அரசு அலுவலர்களுக்கு, முக்கியமாகக் காவல்துறைக்கு, விளக்க வேண்டும் என்று அதே தீர்ப்பில் நீதிபதி நாரிமன் எழுதியிருந்தார். வீட்டில் டி.வி. ஓடாத நாள் கிடையாது. அப்படி ஒரு விளம்பரம் என் கண்ணில் ஒருநாளும் படவில்லை. 2023இல் திருமண உரிமை கேட்டு வழக்கு வந்ததும் அதே அரசு நேராக எதிர்ப்பக்கம் போய் நின்றது. நடுநிலை என்பது ஐந்து வருடம் தாங்கும் சரக்கு போலிருக்கிறது.

தமிழ்நாடு அப்படி இல்லை, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். படுக்கையறை விஷயத்தில் இந்த மாநில அரசு எந்தக் காலத்தில் வாய்மூடி இருந்தது? நான் சிறுமியாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டின் தலைகீழ் சிவப்பு முக்கோணம். நாம் இருவர், நமக்கு இருவர். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தச் சுவரில்தான் என்று சொல்பவர்கள் என் வயதில் நிறையப் பேர். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் மாலை மாற்றினாலும் கல்யாணம்தான் என்று 1967இல் சட்டத்தையே திருத்தியது சட்டமன்றம். அன்றைக்கு எத்தனை பெற்றோர் மனம் புண்பட்டிருக்கும்! இந்தியாவிலேயே முதலில் 1986இல் சென்னையில்தான் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா வராதா என்று ஊரெல்லாம் தட்டி வைத்துக் கேட்டார்களே, மறந்துவிட்டதா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட அதை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு போகும். யாரும் கெட்டுப்போகவில்லை.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறக்கும் ஊடுபால் குழந்தைகளுக்குப் பச்சிளம் வயதில் தேவையில்லாத அறுவை சிகிச்சை செய்யக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் சொன்னது; அதே வருடம் அரசு ஆணையும் போட்டது. நாட்டிலேயே அதுதான் முதல். 2024இல் சென்னை அரசுப் பள்ளி மேடையில் ஏறிய ஒரு பேச்சாளர், உடற்குறையோடு பிறப்பது போன ஜென்மத்துப் பாவம் என்று பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். அன்று நீங்கள் ‘அது அவர் நம்பிக்கை, இது இவர் கருத்து’ என்று தராசு பிடிக்கவில்லை. பேசியவர் கைதானார். அமைச்சரே பள்ளிக்கு வந்து அந்த ஆசிரியரைப் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. உடற்குறையைப் பற்றிப் பொய் சொன்னால் சும்மா இருக்க மாட்டோம், ஈர்ப்பைப் பற்றிப் பொய் சொன்னால் அது பண்பாட்டு விஷயம் என்றால், என்ன கணக்கு இது?

ஒன்று சொல்லிவிடுகிறேன், என்னைத் தப்பாக எடுக்க வேண்டாம். அரசு நடுநிலையாக இருக்க வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. ஒரு வீட்டில் இதை மதப்படி தப்பு என்று நம்பினால், அந்த நம்பிக்கையைத் திருத்துவது உயிரியல் ஆசிரியை வேலை இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் போய் நீ இன்ன வகை என்று சீட்டு ஒட்டுவதும் கூடாது. அந்த வயதில் பாதி, பிள்ளைக்கே தெரியாது, தெரிய வேண்டிய அவசரமும் இல்லை. எந்தப் பிள்ளை என்ன என்று ஆசிரியர் துருவக் கூடாது. தெரிந்துவிட்டால் பிள்ளை கேட்காமல் வீட்டில் போய்ப் போட்டுக்கொடுக்கக் கூடாது. சரி, தவறு, புண்ணியம், பாவம் இதிலெல்லாம் பள்ளி விலகியே நிற்கட்டும். ஆனால் ‘இது வியாதியா?’ என்பது கருத்து கேட்கும் கேள்வி இல்லை. மலேரியா கொசுவால் வருகிறதா என்பது மாதிரி ஒரு கேள்வி. அதற்கு விடை இருக்கிறது. அங்கே நடுநிலை என்று ஒன்று கிடையாது. விடையைச் சொன்னோம், அல்லது மறைத்தோம், அவ்வளவுதான்.

நாங்கள் மறைக்கும் இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்று ஒருநாள் ஏதாவது ஒரு பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறைக்குள் போய்ப் பாருங்கள். (நான் போக முடியாது, என் கணவர் சொன்னது.) சுவர் முழுக்க நோட்டீஸ். நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு, சிறுவயதில் அறியாமல் செய்த தவறு. ராத்திரி பதினொன்றரைக்கு டி.வி.யைப் போட்டால் அதே சரக்கு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு. இப்போது ஃபோன். ஒன்பதாம் வகுப்புப் பையன் அதில் என்ன பார்க்கிறான் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களில் ஒருவர்கூட நடுநிலை இல்லை.

இனி நீதிமன்றம். ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட வழக்கு உங்களுக்குத் தெரியும், அதில் பள்ளிகளுக்கென்றே தனியாகச் சில பத்திகள் இருக்கின்றன. 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு போட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அதற்கு முன் ஒரு காரியம் செய்தார். எனக்கே இதில் தெளிவு போதாது என்று ஒத்துக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். உயர் நீதிமன்ற நீதிபதி ‘எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்’ என்கிறார். முப்பத்தோரு வருடம் சாக்பீஸ் பிடித்த நான் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. செய்தியைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வழக்கிலிருந்து கிளைகள் கிளம்பின. தன்பாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் பார்ப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்றைச் சேர்த்து, தன்பாலீர்ப்புள்ளவர்களையும் திருநர்களையும் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு அரசு அதே வருடம் பிப்ரவரியில் எழுதியது. ஆகஸ்டில், இவர்களை மரியாதையாகக் குறிப்பிட அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வந்தது. பத்திரிகைகள் எழுதிவந்த ‘ஓரினச்சேர்க்கை’யைவிடத் தன்பாலீர்ப்பு எவ்வளவோ மேல். முன்னது ஏதோ வேதியியல் வினை மாதிரி இருக்கும். ஒரு மனுசனின் பிரியத்தை ஒரு செயலாகக் குறுக்கிவிடும். ஆனால் அந்தச் சொற்கள் அரசிதழிலேயே தங்கிவிட்டன. ஆசிரியர் அறைகளுக்கு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. போலீஸ்காரர்களுக்கு ஒரு விதி வந்தது. நான் ஓய்வு பெறும்வரை எங்களுக்கு ஒரு சுற்றறிக்கைகூட வந்ததாக நினைவில்லை. லத்தி வைத்திருப்பவரைவிட அதிக நேரம் இந்தப் பிள்ளைகளோடு இருப்பவர்கள் நாங்கள்.

டில்லியில் என்ன நடந்தது என்பதும் தெரியும். திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி., ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு தயாரித்து 2021இல் இணையத்தில் ஏற்றியது. குழந்தைகள் உரிமை ஆணையத்துக்குப் புகார் போனது. நவம்பரில் கையேடு காணாமல் போனது. இதைக் காட்டித்தான், “நமக்கெதுக்கு வம்பு” என்று இங்கேயும் பலர் சொன்னார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வட்டார வள மையத்தில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றிப் பயிற்சி ஒன்று நடந்தது. குட் டச், பேட் டச் சார்ட், டீ, பிஸ்கட், கையெழுத்து. கணக்கு ஆசிரியர் ஒருவர் எழுந்து, “சார், எங்க ஸ்கூல்ல ஒரு பையன் இன்னொரு பையனுக்கு லவ் லெட்டர் குடுத்துட்டான். நான் என்ன சார் பண்ணணும்?” என்று கேட்டார். உண்மையான சந்தேகம், முகத்திலேயே தெரிந்தது. பயிற்சியாளர் மாடியூலைப் புரட்டிப் பார்த்தார். “அது நம்ம மாடியூல்ல இல்லைங்க சார்” என்றார். கூடமே சிரித்தது. கணக்கு ஆசிரியர் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கடிதம் கொடுத்த பையனை அவர் என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பயிற்சியாளரைக் குறை சொல்ல மாட்டேன். மாடியூலில் இல்லாததைப் பேசி நாளைக்கு ஒரு புகார் வந்தால் அவருக்கு யார் துணை? நீங்கள் பார்க்காத ஒரு மூலை இது. அரசு பேசாமல் இருந்தால் பேசும் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. அது அப்படியே ஆசிரியர் தலையில் இறங்குகிறது. ஆண் ஆசிரியர்கள் இப்போது இனப்பெருக்கப் பாடத்தை எடுக்கவே பயப்படுகிறார்கள். ஒரு சொல் தவறிப் போனால் பெற்றோர், போலீஸ், டி.வி. என்று போய்விடும் என்ற பயம். ‘இன்னின்னதை இப்படிச் சொல்லலாம்’ என்று உங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் கையில் இருந்தால் அவர் தைரியமாகச் சொல்லுவார். இல்லாததால், “வீட்ல படிச்சிக்கோங்க” என்பார். என் மருமகளும் ஆசிரியைதான். “நீ எப்படிம்மா எடுக்கிற?” என்று கேட்டேன். “ஸ்மார்ட் போர்டுல வீடியோவ போட்டுட்டு வராந்தால நின்னுப்பேன் அத்தை” என்றாள். நான் பெண்களை லேபுக்கு அனுப்பிவிட்டு ஆண்களுக்கு அவசரமாக வாசித்துக் காட்டியதைவிட இது ஒரு படி முன்னேற்றம் என்றே வைத்துக்கொள்வோம்.

பாலியல் கல்வி இல்லாததில் முதலில் அடிபடுவது தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகள் மட்டும் இல்லை. 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஒரு ஆய்வு செய்தது. 53 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் ஆண் பிள்ளைகள். ஆண் பிள்ளைகள் ஏன் வெளியே சொல்வதில்லை என்று நினைக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்தவரை, ‘அப்ப நீ அவனா?’ என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம்தான். தொல்லை கொடுத்தவனைப் பற்றிய பயத்தைவிட அது பெரிசு. ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்தீர்கள், புத்தகத்தில் 14417, 1098 என்ற உதவி எண்களைப் போட்டீர்கள். நல்ல காரியம். ஆனால் என்ன நடந்தது என்று எழுதச் சொல் இல்லாத பிள்ளை அந்தப் பெட்டியில் என்ன எழுதிப் போடும்? எழுதினாலும் திறந்து படிப்பவர் என்னைப் போல் மடித்துவிட்டால்?

பாலியல் கல்வி கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது கட்டுக்கதை என்று உச்ச நீதிமன்றமே 2024 செப்டம்பரில் எழுதிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு மேல்முறையீடாக அங்கே போனபோது சொன்னது அது. ஆகவே ‘மேலே இருந்து உத்தரவு இல்லை’ என்றும் இனிச் சொல்ல முடியாது.

பெற்றோர். இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அப்பா, லோடுமேன், என்னிடம் கேட்டார்: “டீச்சர், இதையெல்லாம் சொல்லிக்குடுத்தா பாக்காததையெல்லாம் பாக்கத் தோணாதா?” கோபமாகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டார். நமக்கு வசதியான பதில், ‘பிற்போக்குத்தனம்’. நான் பாடத்தை அவரிடம் திறந்து காட்டினேன். படம் பார்த்தார், இரண்டு பக்கம் படித்தார். “இவ்ளோதானா? இது தெரிஞ்சா நல்லதுதான டீச்சர்” என்று கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் அப்படிப் போக மாட்டார்கள். சிலர் சண்டை போடுவார்கள், சிலர் டி.சி. கேட்பார்கள். ஆனாலும் பெற்றோரின் பெயரைச் சொல்லிப் பாடத்தை ஒளிப்பதற்கும், பெற்றோரிடமே பாடத்தைக் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதில் நாம் அவர்களைக் குழந்தைகளாக நடத்துகிறோம். கூட்டத்துக்கு முன்னாலேயே பாடத்தை அவர்கள் கையில் கொடுங்கள். அதுவும் நடுநிலைதான், நல்ல வகை நடுநிலை.

இங்கிலாந்தில் இந்த மௌனத்தைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தார்கள். 1988இல் 28ஆவது பிரிவு என்று ஒன்று. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது. ஊக்குவிப்பது என்றால் எது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாததால், ஆசிரியர்கள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். வகுப்பில் கேலி நடந்தாலும் தடுக்கத் தயங்கினார்கள். ஸ்காட்லாந்தில் 2000இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இல் அதை நீக்கினார்கள். கொண்டுவந்த கட்சியின் தலைவரே 2009இல் மன்னிப்புக் கேட்டார். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் கிடையாது. சட்டம் இல்லாமலேயே அதைக் கடைப்பிடிக்கிறோம்.

2025இல் திருநர்களுக்கென்று மாநிலக் கொள்கை வந்தது, சந்தோஷம். ‘திருநங்கை’ என்று ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததிலேயே இந்த ஊர் பாதிக் கேலியை நிறுத்தியது. 2008இல் நல வாரியம் அமைத்தது மீதியில் கொஞ்சத்தை. அரசு ஒரு சொல்லைச் சொன்னால் தெருவில் அதற்கு எவ்வளவு எடை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மூன்றாவது பெஞ்சுப் பையன் திருநர் இல்லை. அவன் ஒரு பையன், பையனைப் பிடித்தது, அவ்வளவுதான். அவனுக்கு இன்னும் சொல் போய்ச் சேரவில்லை.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. தனிப் பாடவேளை வேண்டாம், தனிப் புத்தகம் வேண்டாம், வானவில் வண்ணத்தில் சுவரோவியமும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற இனப்பெருக்கப் பாடத்தில் அரைப்பக்கம் சேருங்கள். அதை எப்படிச் சொல்வது என்று ஆசிரியருக்கு உங்கள் கையெழுத்தோடு ஒரு தாள் கொடுங்கள். அப்புறம், நம் பள்ளிகளில் எது நடத்தப்படும், எது நடத்தப்படாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புத்தகத்தில் இருப்பது நடக்காது. கேள்வித்தாளில் வருவதுதான் நடக்கும். ஒருமுறை வந்துவிட்டால் போதும், மறுவருடம் கைடுகாரர்கள் அதை ‘மிக முக்கியம்’ என்று நட்சத்திரம் போட்டு அச்சடிப்பார்கள், டியூஷன் சென்டரில் உருப்போட வைப்பார்கள், வராந்தாவில் நிற்கும் என் மருமகளும் உள்ளே வந்தே ஆக வேண்டும்.

எனவே ஒரே ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி. ‘தன்பாலீர்ப்பு ஒரு நோயா? காரணம் கூறு.’ விடைக்குறிப்பு வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன். காரணம் எழுதத் தெரியாமல் வெறும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தாலும் ஒரு மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை (விலங்கியல்)